குலமும் குடிப்பெயரும் – 9: பேர் போன மெக்ரிகர்கள்

1712 ஜூன் மாதம், மூன்றாவது வாரம். எடின்பரோவிலிருந்து வந்துகொண்டிருந்த 'ஈவினிங் கூரன்ட்' செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு. ராபர்ட் கேம்ப்பெல் என்ற ஆசாமி, மலைநாட்டில் மாடு வாங்கித் தருவதாகச் சொல்லிப் பிரபுக்கள், கனவான்கள் பலரிடமும் பணம் வாங்கியிருக்கிறான். மொத்தம் 1000 பவுண்டு. இப்போது பணத்தோடு கம்பி நீட்டிவிட்டான். ஆளைப் பிடிப்பவர்கள் எடின்பரோவில் என்றால் எக்ஸ்சேஞ்ச் காபி ஹவுஸ்காரரிடம் சொல்லலாம், கிளாஸ்கோவில் என்றால் அங்குள்ள காபி ஹவுஸ்காரரிடம் சொல்லலாம். சிரமத்துக்குத் தகுந்த சன்மானம் உண்டு.

போலீஸ் ஸ்டேஷன் இல்லாத காலத்தில் காபிக் கடைதான் ஸ்டேஷன் என்பது சுவாரஸ்யம்தான். ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது அது இல்லை. ராபர்ட் கேம்ப்பெல் என்று போட்டவர்கள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ராப் ராய் மெக்ரிகர் என்ற பெயரில் எல்லோரும் அறிந்தவன் என்று கூடவே சேர்த்துவிட்டார்கள். நம் கோர்ட் பாஷையில் சொன்னால், 'ராபர்ட் கேம்ப்பெல் என்கிற ராப் ராய் மெக்ரிகர்'.

1712ல் மெக்ரிகர் என்ற பெயர் ஸ்காட்லாந்தில் சட்டப்படி கிடையாது. அந்தப் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது, அதில் கையெழுத்துப் போடக் கூடாது. சட்டத்தைத் தங்கள் பக்கம் வைத்திருந்த கனவான்கள், சட்டப்படி ஒருவனைப் பிடிப்பதற்காக, சட்டம் ஒழித்த பெயரை அச்சில் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. வேறு வழியும் இல்லை. ராபர்ட் கேம்ப்பெல் என்று மலைநாட்டில் குரல் கொடுத்தால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்களோ!

பெயர்த் தடைக்குக் காரணமான கிளென் ஃப்ரூன் சண்டை, அதில் மெக்ரிகர்கள் கையால் கஹூன் குலத்தார் வெட்டுண்டது, ஆர்கைல் பிரபு கொடுத்த வாக்கு, குலத்தலைவர் அலஸ்டேர் மெக்ரிகர் தூக்கில் தொங்கியது எல்லாம் போன வாரமே ஆயிற்று. விட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் டார்டன் துணியின் கட்டங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் இந்த அறிவிப்பு குறுக்கே வந்து விழுந்துவிட்டது. ஒரு பெயரை ஒழிப்பது எப்படி, ஒழிக்க நினைத்த அரசாங்கம் அதில் எப்படி மாட்டிக்கொண்டது என்பதைப் பேசாமல் துணிக்குப் போக மனம் வரவில்லை.

*

முதலில் தேதிகளை அடுக்கிவிடுவோம். 1603 பிப்ரவரி 7, கிளென் ஃப்ரூன். மார்ச் 24, லண்டன் பக்கத்தில் எலிசபெத் ராணி பிள்ளையில்லாமல் காலமானார். அடுத்த வாரிசு ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ். சேதியை முதலில் சொல்பவனுக்குப் பதவி நிச்சயம் என்று ராபர்ட் கேரி என்ற கனவான் குதிரையில் பறந்தார். வழியில் கீழே விழுந்தார். விழுந்தவர் தலையில் குதிரையும் ஓர் உதை விட்டது. முகத்தில் ரத்தம் வழிய மார்ச் 26 இரவு எடின்பரோ அரண்மனைக்கு வந்து சேர்ந்து, தூங்கப் போயிருந்த ஜேம்ஸை எழுப்பி, நீங்கள்தான் இனி இங்கிலாந்துக்கும் ராஜா என்று மண்டியிட்டார். ஏப்ரல் 5ஆம் தேதி ஜேம்ஸ் லண்டனுக்கு மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டார்.

மெக்ரிகர் பெயரை ஒழிக்கும் பிரிவி கவுன்சில் ஆணை என்றைக்கு வந்தது? ஏப்ரல் 3.

நடுவில் ஒரே ஒரு நாள். புது முடி, புது ராஜ்யம், புதுக் கஜானா எல்லாம் தெற்கே காத்திருக்க, ஊரை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் ஆள்பவர்களுக்கு இந்த ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்திருக்கிறது. பிறகு ஜேம்ஸ் சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்தது ஒரே ஒரு தடவை, 1617ல். அந்த ஆண்டு எடின்பரோவில் கூடிய நாடாளுமன்றமும் மெக்ரிகர்களைச் சும்மா விடவில்லை. பழைய ஆணையைச் சட்டமாக்கி, வளர்ந்து வரும் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும் என்று நீட்டித்தது. கிளென் ஃப்ரூன் சண்டையின்போது பிறந்தே இராத பிள்ளைகளுக்கு!

ஆணை சொன்னது சுருக்கமானது. மெக்ரிகர் என்ற பெயரை வைத்திருப்பவர்கள் அதைத் துறந்து வேறொரு குடிப்பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் மரணம். கிளென் ஃப்ரூனிலும் அதற்கு முந்தைய கொள்ளைகளிலும் கை வைத்தவர்களுக்குக் கூடுதலாக இன்னொன்று. ஆயுதம் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. சாப்பாட்டு மேஜையில் இறைச்சி நறுக்க ஒரு கத்தி மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதற்கும் முனை இருக்கக் கூடாது.

இந்த முனையில்லாத கத்தியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மலைநாட்டு ஆண்மகனின் இடுப்பில் குத்துவாள் இல்லாத நாள் கிடையாது. வேட்டைக்கும் அதுதான், விருந்துக்கும் அதுதான், சத்தியம் செய்வதும் அதன் மேல்தான். அப்படிப்பட்டவன் பந்தியில் உட்கார்ந்து மழுங்கிய கத்தியை எடுத்தால், வாயைத் திறந்து பெயர் சொல்ல வேண்டியதே இல்லை. அவன் என்ன பெயர் வைத்துக்கொண்டிருந்தாலும் அவன் யாரென்று கத்தி சொல்லிவிடும். பெயரை மறைக்கச் சொன்ன அதே அரசாங்கம், அந்தப் பெயர்க்காரன் யார் என்று எல்லோருக்கும் தெரிய ஓர் அடையாளத்தையும் கையில் கொடுத்தது.

1613ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முன்பு மெக்ரிகர்களாக இருந்தவர்கள் நான்கு பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடினால் மரண தண்டனை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சவப்பெட்டிக்குத் தோள் கொடுப்பவர்களோடு கணக்கு முடிந்தது. 1633ல், முதலாம் சார்லஸ் மன்னர் காலத்தில், பாதிரியார்கள் பக்கம் திரும்பினார்கள்: கிரெகர் என்று எந்தக் குழந்தைக்கும் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. பத்திரம் எழுதுபவர்களுக்கும் அதே கட்டளை: அந்தப் பெயரில் எழுதிய கடன் பத்திரமோ உறுதிமொழியோ செல்லாது.

*

சரி, பெயரை விட்டவர்கள் எந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள்?

இங்கேதான் வேடிக்கை. வெறுமனே ஒரு புதுப் பெயரைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. இனி ஒழுங்காக இருப்பான் என்று ஒரு பெரிய மனிதர் ஜாமீன் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் நிலச்சுவான்தார். ஜாமீன் கொடுத்தவரின் குடிப்பெயரையே எடுத்துக்கொள்வதுதான் வசதி. அவர் நிலத்தில் குடியிருக்கிறான், அவர் பெயரைச் சுமக்கிறான். இப்படித்தான் ஒரே பள்ளத்தாக்கில் ஒண்டியிருந்த அண்ணன் தம்பிகள், வெவ்வேறு பண்ணையார்களுக்குக் கீழே முர்ரே, டிரம்மண்ட், கிரஹாம், ஸ்டூவர்ட், கிராண்ட் என்று சிதறினார்கள். சிலர் கேம்ப்பெல் ஆனார்கள்.

கேம்ப்பெல்! கிளெனார்க்கியை மெக்ரிகர்கள் கையிலிருந்து பிடுங்கியவர்கள், கில்கர்ன் கோட்டையைக் கட்டி ஆ ஏரியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டவர்கள், 1570ல் மெக்ரிகர் குலத்தலைவர் கிரெகர் ராயின் தலையை வெட்டியவர்கள். அந்தப் பெயரையா ஒரு மெக்ரிகர் எடுத்துக்கொள்வான் என்று வாசகர் ஒருவர் கோபமாகவே எழுதிக் கேட்டிருந்தார். எடுத்துக்கொண்டார்கள் ஐயா. ராப் ராயே எடுத்துக்கொண்டாரே! அவருக்குக் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அவருடைய அம்மா மார்கரெட் ஒரு கேம்ப்பெல். பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஒரு பக்கம், தலை எடுப்பது இன்னொரு பக்கம் என்றுதான் அந்த இரண்டு குலங்களும் பல தலைமுறைகளாக வாழ்ந்தன.

வெட்டுப்பட்ட கிரெகர் ராயின் மனைவி மேரியனும் கேம்ப்பெல்தான், கிளென்லயன் கிளையைச் சேர்ந்தவள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் பாடியதாக வழங்கும் ஒப்பாரித் தாலாட்டை இன்றும் கேலிக் மொழிப் பாடகர்கள் மேடையில் பாடுகிறார்கள். புருஷனைக் கொன்ற தன் சொந்த இனத்தாரைச் சபித்துக்கொண்டே பிள்ளையைத் தூங்கவைக்கும் பாட்டு அது. பாட்டு முழுக்கக் கிரெகர் பெயர்தான். பத்திரத்தில் அந்தப் பெயர் வரக் கூடாதென்று நோட்டரிக்கு உத்தரவு போடலாம். தொட்டிலருகே உட்கார்ந்திருப்பவளுக்கு எந்தக் கவுன்சில் உத்தரவு போடும்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலைநாட்டில் யாரும் யாரையும் குடிப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரே பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் அதே பெயர் என்றால் கூப்பிட்டு என்ன பயன்? முடி நிறம், உடற்கட்டு, அப்பா பெயர், தாத்தா பெயர், குடியிருக்கும் நிலம் இவற்றை வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்வார்கள். ராப் ராய் என்றால் செம்பட்டை முடி ராபர்ட், அவ்வளவுதான். நம் கிராமத்தில் 'மேலத்தெரு செவத்த ராசு' என்றால் போதும், முழுப்பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் வேண்டும் என்பது மாதிரி. கேலிக் மொழியில் அன்றாடம் வழங்கிய பெயர் வேறு, எடின்பரோ எழுத்தர் ஏட்டில் எழுதிய பெயர் வேறு. குடிப்பெயர் என்பது கோர்ட்டுக்கும் கச்சேரிக்கும் வரிப் புத்தகத்துக்கும் தேவைப்பட்ட சமாசாரம்.

ஆக, மெக்ரிகர் என்ற பெயர் அதிகம் புழங்கியது எங்கே? தடை செய்த ஆபீஸில்!

இந்த வாரம் முழுக்க என்னை ஆட்டிவைத்தது இந்த ஒரு விஷயம்தான். பிரிவி கவுன்சிலின் பதிவேடுகள் அச்சில் வந்திருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குரிய தொகுதிகளை எடுத்தால் மெக்ரிகர்கள் இல்லாத பக்கத்தைத் தேட வேண்டும். இன்னார் இன்ன பெயரை எடுத்துக்கொண்டார், அவருக்கு இன்னார் ஜாமீன், இன்னார் இன்னும் தலைமறைவு, இன்னாருக்கு அடைக்கலம் கொடுத்ததற்கு இன்னாருக்கு அபராதம். பெயரை ஒழித்தாயிற்று என்பதால் மெக்ரிகர் என்று நேரடியாக எழுதக் கூடாது. அதனால் 'முன்னர் மெக்ரிகர் எனப்பட்ட' என்று எழுதினார்கள். புதுப் பெயரை மட்டும் எழுதினால் எந்த முர்ரே, எந்த டிரம்மண்ட் என்று தெரியாது. அசல் முர்ரேக்கள் சண்டைக்கு வருவார்கள். எனவே ஒவ்வொரு தடவையும் பழைய பெயரைத் தோண்டி எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டியிருந்தது. தடை எவ்வளவு கடுமையானதோ அவ்வளவு பதிவு; பதிவு எவ்வளவு துல்லியமோ அவ்வளவு மெக்ரிகர்.

சும்மா விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிலமில்லாத, சாசனமில்லாத குலம் அது. அவர்கள் வாளைத்தான் நிலப்பத்திரமாக நம்பினார்கள். பக்கத்துவீட்டுக் கேம்ப்பெல்களோ ஆட்டுத்தோலில் எழுதி முத்திரை வைத்த பத்திரத்தை நம்பினார்கள். பத்திரம் ஜெயித்தது. அப்படி நிலம் இழந்த எத்தனையோ சிறு குலங்கள் பெரிய குலங்களுக்குள் கரைந்து, பெயரும் தெரியாமல் போய்விட்டன. மெக்ரிகர்களும் இரண்டு மூன்று தலைமுறையில் சத்தமில்லாமல் கேம்ப்பெல்களாகவும் ஸ்டூவர்ட்களாகவும் ஆகியிருக்கலாம். கரையவிடாமல் ஒவ்வொருவனாகப் பிடித்து, நீ முன்பு மெக்ரிகர், உன் அப்பன் மெக்ரிகர், உன் பிள்ளையும் முன்னாள் மெக்ரிகர் என்று தலைமுறை தலைமுறையாக நினைவூட்டிக்கொண்டிருந்தது அரசாங்கம்.

மிகையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் ஒரு சாட்சி. 1898லும் 1901லும் இரண்டு தொகுதிகளாக மெக்ரிகர் குல வரலாறு வெளிவந்தது. எழுதியவர் குலத்தலைவர் குடும்பத்தைச் சேர்ந்த அமீலியா முர்ரே மெக்ரிகர். கேட்டுக்கொண்டது கிளான் கிரெகர் சங்கம். குலத்திடம் சொந்த ஆவணப் பெட்டி என்று என்ன இருந்திருக்கும்? வீடுகளைத்தான் கொளுத்திவிட்டார்களே. அந்த அம்மையார் பெருமளவுக்கு நம்பியது அரசாங்கப் பதிவேடுகளையும், எதிரியின் வீட்டுக் குறிப்பேடுகளையும். வேட்டையாடியவர்களின் கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு குலத்தின் வம்சாவளியை எடுத்துக் கட்டினார்.

*

பெயர் மாறிப் போனவர்களில் ஒரு கிளையைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஆபர்டீன் பக்கத்து கிரெகரிகள். மெக்ரிகர் வழி வந்தவர்கள் என்பது குடும்ப வழக்கு. பெயரின் தலையை வெட்டி, வாலைக் கொஞ்சம் நீட்டி, கிரெகரி என்று வைத்துக்கொண்டார்கள். வாளை விட்டுப் புத்தகத்தைப் பிடித்தார்கள். இந்தக் குடும்பத்தில் 1638ல் பிறந்த ஜேம்ஸ் கிரெகரிதான் பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த தொலைநோக்கிக்கு வடிவம் தந்தவர். 1663ல் வெளியான அவருடைய புத்தகத்தில் அது இருக்கிறது. பிறகு அவர் கண்டுபிடித்த ஒரு முடிவிலித் தொடருக்குக் கிரெகரி தொடர் என்றே பெயர் நின்றது. கேரளத்துச் சங்கமகிராமத்து மாதவன் அதையே இருநூறு ஆண்டுகளுக்கும் மேலே முன்னதாகக் கண்டுவிட்டார் என்பது தெரிந்த பிறகு, இப்போது மாதவன் பெயரையும் முன்னால் சேர்த்துச் சொல்கிறார்கள். பெயர் விஷயத்தில் இந்தக் குடும்பத்துக்கு நிம்மதியே கிடையாது போலும்.

இந்தக் கணித மேதையின் மகனும் ஜேம்ஸ் கிரெகரிதான், ஆபர்டீனில் மருத்துவப் பேராசிரியர். 1715ல் ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்றுகிறோம் என்று ஜாக்கோபைட் கலகம் கிளம்பியபோது, படைக்கு ஆள் திரட்ட ராப் ராய் ஆபர்டீனுக்கு அனுப்பப்பட்டார். தலைக்கு விலை வைக்கப்பட்டவர் நேரே வந்து தங்கியது பேராசிரியர் வீட்டில். ரத்த சம்பந்தம் ஆயிற்றே! இது வால்டர் ஸ்காட் தன் 'ராப் ராய்' நாவலின் பிற்காலப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் பதிந்திருக்கும் கதை.

பேராசிரியர் விருந்தாளியை நன்றாகக் கவனித்துக்கொண்டார். ராப் ராய்க்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. கைம்மாறு செய்யாமல் எப்படிப் போவது? வீட்டில் எட்டொன்பது வயதுப் பையன் ஒருவன் ஓடியாடிக்கொண்டிருந்தான். துறுதுறுப்பான பையன், இப்படிப் புத்தகத்தைக் கொடுத்துக் கெடுத்துவைத்திருக்கிறீர்களே, என்னோடு மலைக்கு அனுப்புங்கள், ஆண்பிள்ளையாக்கித் தருகிறேன் என்றார். பேராசிரியருக்கு வெலவெலத்துப்போயிருக்கும். முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னால் அவமதிப்பு. சரி என்றால் பையன் மாடு திருடக் கற்றுக்கொள்வான். மெல்லச் சமாளித்தார். பையனுக்கு உடம்பு அவ்வளவு பலமில்லை, இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்றார். அப்படியானால் அடுத்த தடவை வரும்போது கூட்டிப் போகிறேன் என்றார் ராப் ராய். நல்லவேளையாக அடுத்த தடவை வந்தபோதும் பேராசிரியரின் அதிர்ஷ்டம் கைகொடுத்தது. இருவரும் ஆபர்டீன் காசில் தெருவில் உலாத்திக்கொண்டிருக்க, படைவீடு பக்கம் முரசு கொட்டியது. சிப்பாய்கள் தெருவுக்கு வர ஆரம்பித்தார்கள். பையன்கள் வெளியே வருகிறார்கள் போலிருக்கிறது, நான் என் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிற தோரணையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு சந்தில் நுழைந்து ராப் ராய் காணாமல் போனார். மலைக்குப் போகத் தப்பிய பையன் பின்னாளில் அப்பாவைப் போலவே மருத்துவப் பேராசிரியர் ஆனான். பிடிவாத சுபாவம், எளிதில் கோபமும் வரும் என்பதால், ராப் ராயிடம் அனுப்பியிருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று ஊரில் கேலி பேசினார்களாம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது இதுதான்: ஒருவர் கேம்ப்பெல், ஒருவர் கிரெகரி. காகிதத்தில் இருவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தடை தொடங்கி நூறு ஆண்டு தாண்டிவிட்டது. ஆனாலும் தேடப்படும் ஒரு மாட்டு வியாபாரி நடு ஊரில் ஒரு பேராசிரியர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார், கதவு திறக்கிறது.

*

சட்டம் நேர்கோட்டில் போகவில்லை. உள்நாட்டுப் போரில் மெக்ரிகர்கள் மன்னர் பக்கம் நின்றதால், 1661ல் இரண்டாம் சார்லஸ் தடையை நீக்கினார். முப்பத்திரண்டே ஆண்டுகள்தான் நிம்மதி. கிளென்கோ படுகொலைக்கு மறு ஆண்டு, 1693ல், வில்லியம் மன்னர் ஆட்சியில் மீண்டும் தடை. ராப் ராய் 1671ல் பிறந்தவர். மெக்ரிகராகப் பிறந்து, இருபத்திரண்டு வயதில் பெயரை இழந்து, 1734 டிசம்பரில் பால்விடர் ஊரில் கண் மூடியபோதும் சட்டப்படி கேம்ப்பெல்தான். கடைசியில் 1774ல்தான் லண்டன் நாடாளுமன்றம் இதற்கு முழுக்குப் போட்டது. இரண்டு தடைக் காலங்களையும் கூட்டினால் 139 ஆண்டுகள்.

தடை நீங்கியதும் ஒரு புதுச் சிக்கல். தலைவர் யார்? எல்லோரும்தான் முர்ரேயாகவும் டிரம்மண்டாகவும் இருக்கிறார்களே. அப்போது 826 பேர் கையெழுத்திட்டு ஒரு பத்திரம் எழுதினார்கள்: லான்ரிக்கைச் சேர்ந்த ஜான் முர்ரேதான் எங்கள் குலத்தலைவர். வாளை நம்பிப் பத்திரத்தில் தோற்ற குலம், தலைவரைத் தேர்ந்தெடுத்தது பத்திரம் எழுதி! நூற்றெழுபது ஆண்டுப் பாடம்.

இந்த ஜான் முர்ரே நம் பக்கத்துக்கும் தெரிந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் அதிகாரியாக இருந்தவர். குலப்பெருமையில் ஊறியவர், கேலிக் பாட்டு, பைப் இசை என்றால் உயிர். 1784ல் வங்காளத்தில் அவர் கையில் ஒரு கையெழுத்துப் பிரதி சிக்கியது. ஜோசப் மெக்டொனால்ட் என்ற இளைஞர் மலைநாட்டு பேக்பைப் வாசிப்பின் இலக்கணத்தை முழுவதுமாக எழுதிவைத்துவிட்டு, கம்பெனி வேலைக்கு இந்தியா வந்து, 1763ல் இங்கேயே இறந்துபோயிருந்தார். இருபது ஆண்டு வங்காள ஈரத்திலும் கரையானிலும் அந்தப் பிரதி எப்படித் தப்பியதோ! முர்ரே அதை ஊருக்குக் கொண்டுபோய், இறந்தவரின் அண்ணனும் பாதிரியாருமான பேட்ரிக் மெக்டொனால்டிடம் சேர்த்தார். 1803ல் அது அச்சேறியது. மலைநாட்டு பேக்பைப் வாசிப்பைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய நூல் அதுதான். பெயரை இழந்த குலத்தவர் ஒருவர், வேறொரு குலத்தின் பெயரற்றுப் போகவிருந்த நூலைக் காப்பாற்றியிருக்கிறார்.

அவர் 1822ல் காலமானார். குடும்பம் அரச அனுமதியோடு மெக்ரிகர் என்ற பெயரை முறைப்படி திரும்ப எடுத்துக்கொண்டது அந்த ஆண்டில்தான். கிளான் கிரெகர் சங்கம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டு. அதே ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். ஸ்காட்லாந்தின் மணிமுடியும் செங்கோலும் வாளும் கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனைக்கு ஊர்வலமாகப் போயின. அவற்றுக்குக் காவலாக நடந்தவர்கள் யார்? ஜான் முர்ரேயின் மகன் சர் ஈவன் தலைமையில் மெக்ரிகர்கள். கத்திக்கு முனை கூடாது என்றிருந்த கூட்டத்தின் கையில் ராஜாவின் கிரீடம். ஏற்பாடெல்லாம் வால்டர் ஸ்காட்டின் கைவரிசை. நாவலாசிரியனிடம் விழாவை ஒப்படைத்தால் இப்படித்தான் ஆகும்.

அந்த ஊர்வலத்தில் எடின்பரோ நகரமே கட்டம் போட்ட துணியால் மூடிக் கிடந்தது. ஆக டார்டன் வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் பக்கம் முடிந்துகொண்டிருக்கிறது, அச்சுக்குப் போக வேண்டும் என்று ஆசிரியர் குழு கழுத்தில் துண்டு போடுகிறது. தவிர, அதற்கு முன்னால் இன்னொரு ஆளை முடித்தாக வேண்டும்.

கேட்ரின் ஏரியின் வடகரையில் கிளென்கைல் என்று ஓர் இடம். ராப் ராய் பிறந்த வீடு அங்கேதான். அதே கிளென்கைலில் 1786 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் கிரெகர் மெக்ரிகர். பாதிரியார் தாராளமாக ஞானஸ்நானம் கொடுக்கலாம். தடை நீங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. குழந்தையின் தாத்தாவும் கிரெகர்தான். அவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் டிரம்மண்ட் என்ற இரவல் பெயரில் வேலை பார்த்து, நல்ல பெயர் எடுத்து, குலத்தின் மானத்தை மீட்கப் பாடுபட்டவர்களில் ஒருவர். பேரன் வெனிசுவேலா போய் சிமோன் பொலிவாரின் விடுதலைப் படையில் ஜெனரலாகி, லண்டனுக்குத் திரும்பினான். மத்திய அமெரிக்காவில் போயாய்ஸ் என்றொரு தேசம் இருப்பதாகவும், அதற்குத் தானே அதிபதி என்றும் சொன்னான். 1822ல், எடின்பரோவில் அவன் குலத்தார் கிரீடத்துக்குக் காவல் நின்ற அதே ஆண்டில், அந்தத் தேசத்தின் பெயரில் 2,00,000 பவுண்டுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டான். நிலத்தை ஏக்கர் கணக்கில் விற்றான். நோட்டு அடித்தான். இரண்டு கப்பல் நிறைய ஆட்களையும் அனுப்பிவைத்தான்.

அவர்கள் போய் இறங்கியபோது அங்கே தேசமும் இல்லை, தலைநகரமும் இல்லை, துறைமுகமும் இல்லை. மெக்ரிகர் என்ற பெயரை நம்பித்தான் ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் பணம் கட்டினார்கள். தாத்தா பாடுபட்டு மீட்ட பெயருக்கு அவ்வளவு மதிப்பு வந்திருந்தது.

அடுத்த வாரம் போயாய்ஸ். டார்டன் அதற்கு அடுத்த வாரம். இந்த முறை நிச்சயமாக.

(தொடரும்)